வெட்டுக்கு முன்னே பிடி: சிறிய, கோணலான கற்களை ரம்பத்தில் நிறுத்தும் வழிகள்

கொட்டைப்பாக்கு அளவில் ஓர் அகேட் கல். வெளியே சொரசொரப்பான தவிட்டு நிறத் தோல். உள்ளே வளையம் வளையமாக ஓடும் வரிகள். அந்த வரிகளைப் பார்க்க வேண்டுமானால் கல்லை அறுத்தாக வேண்டும். ரம்பம் தயார், வைர பிளேடு தயார், குளிர்விக்க எண்ணெயும் தயார். ஆனால் வைஸின் இரண்டு தாடைகளுக்கு நடுவே வைத்து இறுக்கினால் கல் வழுக்கிக்கொண்டு வெளியே வருகிறது. இன்னும் இறுக்கினால் சுழல்கிறது. அதற்கும் மேல் இறுக்கினால் விரிசல் விடுகிறது.

கல் வெட்டப் பழகும் எவரும் முதல் வாரத்திலேயே சந்திக்கும் சிக்கல் இது. பெரிய கல்லுக்கு எடையே பாதிப் பிடி. சிறிய கல்லுக்கு எடையும் இல்லை, பிடிக்க இடமும் இல்லை. கோணிய வெட்டு, அலை அலையான முகம், வளைந்த பிளேடு என்று ரம்பத்தின் மேல் சுமத்தப்படும் பல குற்றங்கள் உண்மையில் பிடியின் குற்றங்கள். இந்தச் சிக்கலுக்குக் காலந்தோறும் காணப்பட்ட தீர்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால் அவை இரண்டு வகைக்குள் அடங்கிவிடுகின்றன: தாடையைக் கல்லுக்கு இசைய வைப்பது ஒன்று, கல்லைத் தாடைக்கு இசைய வைப்பது மற்றொன்று. கல் சிறுக்கச் சிறுக்க இரண்டாவது வகையே நம்பத்தக்கது என்பதுதான் இக்கட்டுரை வந்து சேரும் முடிவு.

ரம்பம் கேட்பது என்ன

வைர பிளேடுக்கு மர ரம்பத்தைப் போலப் பல் கிடையாது. மெல்லிய எஃகுத் தகட்டின் விளிம்பில் வைரத் துகள்கள் பதிந்திருக்கும். அவை கல்லை அரைத்து அரைத்தே வழி செய்கின்றன. 6 அங்குல பிளேடு நிமிடத்துக்கு 3,000 சுற்று சுழன்றால் அதன் விளிம்பு நொடிக்குச் சுமார் 24 மீட்டர் வேகத்தில் ஓடும். வேலையைச் செய்வது அந்த வேகம்தான். கல்லின் மேல் கொடுக்கும் அழுத்தம் மெதுவாக, ஒரே சீராக இருந்தால் போதும்.

ஆகவே பிடி தாங்க வேண்டிய விசை அப்படியொன்றும் பெரிதல்ல. ஆனால் அது இம்மியும் அசையக்கூடாது. பிளேடின் தடிமன் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரை ஒட்டியே இருக்கும். மணிக்கல் வெட்டும் சிறு ரம்பங்களில் அதற்கும் குறைவு. பிளேடு கல்லுக்குள் இறங்கி ஒரு தடம் விழுந்த பிறகு, கல் அரை மில்லிமீட்டர் திரும்பினாலும் தடத்தின் சுவர் தகட்டைப் பக்கவாட்டில் தள்ளும். தகடு வளையும், உராயும், சூடேறும். ஒரு கட்டத்தில் அது தட்டுப்போலக் குழிந்துவிடும். அப்படிக் குழிந்த பிளேடு அதன்பின் எந்தக் கல்லையும் நேராக வெட்டாது. ஒரு சின்னக் கல் நழுவியதற்கு ஒரு முழு பிளேடு விலையாகப் போவது இப்படித்தான்.

கல் ஏன் நழுவுகிறது

இடவெளியில் எந்தத் திடப்பொருளும் ஆறு விதமாக அசையலாம்: மூன்று திசைகளில் நகரலாம், மூன்று அச்சுகளைச் சுற்றித் திரும்பலாம். பிடி என்பது இந்த ஆறையும் அடைப்பது. செங்கல் வடிவத் துண்டைச் சமதளத் தாடைகள் இறுக்கும்போது இரு பக்கமும் முழுப் பரப்பும் தொடுவதால் ஆறும் ஒரே நேரத்தில் அடைபடுகின்றன. உருண்டையான கல்லை அதே தாடைகள் இரண்டே புள்ளிகளில்தான் தொடும். அந்த இரண்டு புள்ளிகளையும் இணைக்கும் கோடு ஓர் அச்சாகிவிடுகிறது. அம்மிக்குழவி போலக் கல் அதைச் சுற்றி உருளத் தயாராக நிற்கும். பிளேடு தொட்டவுடன் உருளும். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலம் 1965இல் தன் மாநிலப் பாறையாக அறிவித்த 'இடிமுட்டை' என்னும் உருண்டைக் கற்களை வெட்டுவோருக்கு இது அன்றாடத் தொல்லை. நம் தக்காணத்து எரிமலைப் பாறைகளிலிருந்து உதிரும் அகேட் உருண்டைகளுக்கும் இதே குணம்தான்.

ஆப்பு வடிவக் கல்லின் கதை வேறு. அதன் இரு பக்கங்களும் ஒரு முனையை நோக்கிக் கூம்பிச் சென்றால், தாடைகள் இறுக இறுகக் கல் அகன்ற முனைப் பக்கமாகப் பிதுங்கும். ஈரமான மாங்கொட்டை விரலிடுக்கிலிருந்து தெறிப்பதைப் பார்த்திருப்போம். எவ்வளவு சாய்வு வரை பிடி தாங்கும் என்பதை உராய்வு தீர்மானிக்கிறது. உராய்வுக் கெழு 0.3 என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு பக்கமும் சுமார் 17 பாகைக்கு மேல் சாய்ந்திருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் கல் நிற்காது. எண்ணெய் படிந்த எஃகுத் தாடையில் உராய்வு குறையும். தாங்கும் சாய்வும் குறையும். இங்கே கையின் பலம் உதவாது. தொடும் பரப்பை மாற்ற வேண்டும், அல்லது கல்லின் வடிவத்தை மாற்ற வேண்டும்.

மூன்றாவது காரணம் வைஸிலேயே இருக்கிறது. நீளமான தாடையின் ஒரு மூலையில் சிறு கல்லை வைத்து இறுக்கினால் தாடை கோணிக்கொள்ளும். மறு மூலை உள்ளே சாயும். பார்வைக்கு இறுக்கமாகத் தெரிந்தாலும் கல்லை ஒரு விளிம்புதான் தொட்டுக்கொண்டிருக்கும். மறு மூலையில் அதே தடிமனுள்ள ஒரு மரத்துண்டைக் கொடுத்துவிட்டால் தாடைகள் இணையாக நிற்கும். ஒரு நிமிடம்கூட ஆகாத வேலை இது. ஆனால் அதிகம் மறக்கப்படுவதும் இதுதான்.

பழைய பட்டறைகள் கண்ட வழிகள்

கல்லை எப்படிப் பிடிப்பது என்பதை எப்படி உடைக்கிறோம் என்பதே முடிவு செய்கிறது. குஜராத்தின் கம்பாத் நகரில் அகேட், சூதுபவளம் ஆகியவற்றில் மணி செய்யும் கைவினைஞர்கள் தரையில் நட்ட இரும்பு முளையின் கூர்முனையில் கல்லைச் சாய்த்து, எருமைக் கொம்பில் செய்த சுத்தியலால் தட்டுகிறார்கள். கல் விரல்களில் லேசாகத்தான் இருக்கும். அடியின் அதிர்வு கல்லுக்குள் ஓடிச் சில்லு தெறிக்க, அந்தத் தளர்ந்த பிடியே தேவை. நொய்யல் கரையில் கொடுமணல் அகழாய்வில் கிடைத்த பணி முடியாத மணிகளும், சில்லு பெயர்த்து உருவம் வாங்கி, பிறகு தேய்த்து மெருகேற்றிய ஒரு பழந்தொழிலின் படிகளைக் காட்டுகின்றன. சுத்தியலுக்குத் தளர்ந்த பிடி பொருந்தும். ரம்பத்துக்கு அசையாத பிடி வேண்டும். ஒன்றில் தேர்ந்த கை மற்றதிலும் தேர்ந்திருக்கும் என்று நம்ப முடியாது.

ஜெர்மனியின் ஈடர்-ஓபர்ஸ்டைன் ஊரில் அகேட் தேய்த்தவர்கள் நீர்ச்சக்கரத்தால் சுழலும் பெரிய மணற்கல் உருளைகளின் முன் தாழ்ந்த சாய்பலகையில் குப்புறப் படுத்து, கால்களைத் தரையில் அடித்த கட்டையில் உதைத்து, உடல் முழுவதன் பலத்தையும் கல்லின் மேல் செலுத்தினார்கள். மனித உடலே அங்கே வைஸாக இருந்தது. தேய்ப்பதற்கு அது போதும். கல் சற்றே திரும்பினாலும் கை திருத்திக்கொள்ளும். ஆழமாக இறங்கும் ரம்பத்தில் அந்தத் திருத்தத்துக்கு இடமில்லை.

சிறு துண்டை அசையாமல் நிறுத்தும் சிக்கலுக்கு வழி திறந்தது பசை. 1831இல் வெளிவந்த ஹென்றி விதமின் தொல்தாவர நூலில், எடின்பரோவைச் சேர்ந்த வில்லியம் நிக்கலின் முறை விவரிக்கப்பட்டது: கல்லான மரத்தின் சிறு துண்டைத் தேய்த்து ஒரு முகம் எடுத்து, கனடா பால்சம் என்ற மரப்பிசினால் கண்ணாடியில் ஒட்டி, மறுபக்கத்தை ஒளி ஊடுருவும் அளவுக்குத் தேய்ப்பது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப்பின் ஹென்றி கிளிஃப்டன் சோர்பி அதே வழியில் பாறைகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். இன்று உலகெங்கும் புவியியல் ஆய்வகங்களில் 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குச் சீவப்படும் பாறைச் சீவல்கள் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. அவ்வளவு மெல்லிய சீவலை எந்தத் தாடையாலும் பிடிக்க முடியாது, பசை பிடிக்கிறது.

வைரத் தொழிலும் தனக்குரிய விதத்தில் இதே முடிவுக்கு வந்தது. பட்டை தீட்டாத வைரத்தைக் காகிதம் போன்ற பாஸ்பர் வெண்கலத் தகட்டில் அறுத்தவர்கள், கல்லை உலோகக் கிண்ணியில் ஜிப்சம் கலந்த சாந்தில் புதைத்துப் பிடித்தார்கள். கணினிச் சில்லுத் தொழிலில் சிலிக்கான் தண்டைக் கம்பி ரம்பத்தில் வில்லைகளாக அறுக்கும்போதும், தண்டை ஒரு தாங்குபலகையில் பசையிட்டு ஒட்டியே அறுக்கிறார்கள். பொருளும் விலையும் எவ்வளவு மாறினாலும், இறுக்கிப் பிடிக்க இடமில்லாத பொருளை ஒட்டிப் பிடிப்பது என்ற கொள்கை மாறவில்லை.

தாடையைக் கல்லுக்கு இசைய வைப்பது

முதல் வகை வழிகள் எளியவை, விரைவானவை. எஃகுத் தாடையின் மேல் மரப்பலகை பதிப்பது அடிப்படை ஏற்பாடு. கல்லின் மேடுகள் மரத்தில் சற்றே புதையும். இரண்டு புள்ளித் தொடர்பு இரண்டு பரப்புகளாக விரியும். தடித்த தோலும் இதைச் செய்யும். ரப்பர் வழுக்காது என்றாலும் அமுங்கி மீளும் குணமுடையது. பிளேடின் அழுத்தத்தில் கல் ஊசலாட இடம் தரும். அதனால் ரப்பரை மெல்லிய தாளாக மட்டும் பயன்படுத்தலாம்.

அடுத்தது ஆப்பு. கல்லுக்கும் தாடைக்கும் இடையே இருக்கும் வெற்றிடங்களில் சிறு மர ஆப்புகளைச் செருகி, ஒரு பக்கம் ஒரு புள்ளியும் மறுபக்கம் இரண்டு புள்ளிகளுமாக மூன்று இடங்களில் தாங்கல் கொடுத்தால் கல் உருள்வது நிற்கும். முக்காலி எந்தத் தரையிலும் ஆடாமல் நிற்பதற்கான காரணமே இதற்கும் காரணம். தாடைப் பலகையில் திருகாணிகளை வரிசையாகப் பதித்து, ஒவ்வொன்றையும் கல்லின் மேடு பள்ளத்துக்கு ஏற்ப முன்னும் பின்னும் திருகி நிறுத்துவதும் உண்டு.

கைப்பிடி அளவுக் கற்கள் வரை இவை நன்றாக உழைக்கின்றன. அதற்குக் கீழே போனால் இரண்டு குறைகள் தலைகாட்டும். ஆப்புகளைச் செருகவே இடமிருக்காது என்பது ஒன்று. தாடை கவ்வும் பகுதி வெட்டுக்குக் கிடைக்காது என்பது மற்றொன்று. 30 மில்லிமீட்டர் நீளமுள்ள கல்லில் தாடை கவ்வ 15 மில்லிமீட்டர் வேண்டும் என்று கொள்வோம். 5 மில்லிமீட்டர் வில்லை ஒவ்வொன்றுக்கும் பிளேடு தின்னும் ஒரு மில்லிமீட்டரையும் சேர்த்தால், இரண்டே வில்லைகள் கிடைக்கும். பாதிக் கல் தாடைக்குள் மிஞ்சும். அதே கல்லை மரக்கட்டையில் ஒட்டினால் அடியில் 3 மில்லிமீட்டர் விட்டாலும் நான்கு வில்லைகள் வரும்.

ஒட்டுக்கட்டை

வெள்ளைப் பசை, அதாவது தச்சர்கள் பயன்படுத்தும் ஃபெவிகால் வகை, சிறு கல்லுக்கு மிகப் பொருத்தமான எளிய வழி. சதுரமாக இழைத்த மரக்கட்டை ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். கல்லைச் சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, எண்ணெயும் மண்ணும் போக நன்றாக உலர்த்த வேண்டும். கல்லின் அடிப்பகுதி கட்டையில் உட்காரவில்லை என்றால், உளியால் சிறு குழி குடைந்து கல்லை அதில் பொருத்தலாம். அல்லது அடியைத் தேய்ப்புச் சக்கரத்தில் சற்றுத் தட்டையாக்கலாம். பசையைத் தாராளமாக இட்டு ஒரு முழு நாள் விட வேண்டும். பிறகு வைஸ் பிடிப்பது கல்லை அல்ல, கட்டையை. வெட்டு முடிந்ததும் வெந்நீரில் ஊறவைத்தால் பசை இளகிக் கல் விடுபடும்.

ஊறினால் விடுபடும் இந்தக் குணமே இதன் எல்லையும் ஆகிறது. எண்ணெய் ஊற்றி ஓடும் ரம்பத்தில் வெள்ளைப் பசை உறுதியாக நிற்கும். தண்ணீர் ஊற்றி ஓடும் ரம்பத்தில் வேலை நடக்கும்போதே இளகத் தொடங்கும். தண்ணீர் ரம்பத்துக்கு இரண்டு குழாய்களாக வரும் எபாக்சி வேண்டும். எபாக்சியின் பிடி வலிமையானது, மேடு பள்ளங்களையும் நிரப்பிக்கொள்ளும். ஆனால் விடுவிப்பது கடினம். சூடு காட்டி இளக்க வேண்டும், அல்லது மரத்தையே வெட்டி எறிய வேண்டும். நொடியில் ஒட்டும் பசைகள் அசிட்டோனில் கரைவது வசதி. ஆனால் அவை மெல்லிய இடைவெளியில்தான் நன்றாகப் பிடிக்கும், அதிர்வில் சட்டென்று விட்டுவிடும். தட்டையாகத் தேய்த்த முகத்துக்கு அவை போதும். கரடுமுரடான தோலுக்குப் போதாது.

பழைய பட்டறைகளின் பசை அரக்கு. அரக்குப் பூச்சி தரும் பிசினோடு செங்கல் தூள் போன்ற நிரப்பியைக் கலந்து, சூடாக்கி, குச்சி முனையில் கல்லைப் பதிப்பது பட்டை தீட்டுவோரின் நெடுங்கால வழக்கம். பட்டை தீட்டுவதற்கு அரக்கு இன்றும் அருமையான பிடி: சூடு காட்டினால் இளகும், ஆறினால் இறுகும், கல்லைத் திருப்பி வைப்பதும் எளிது. ரம்பத்துக்கு அது சிறு மணிக்கற்கள் அளவில் பயன்படும். கொட்டைப்பாக்கு அளவைத் தாண்டினால் நொறுங்கிவிடும் ஆபத்து உண்டு. சூடு பொறுக்காத கற்களுக்கு அரக்கும் கூடாது, வெந்நீர் ஊறலும் கூடாது. தன்னுள்ளே நீரை வைத்திருக்கும் ஓபல் அவற்றில் முதன்மையானது. வெப்பம் மாறினால் வெடிப்பு விட்டுவிடும்.

மாவுக்கட்டு

உடைந்த கையை அசையாமல் நிறுத்த மருத்துவமனையில் போடும் மாவுக்கட்டுதான் கல்லுக்கும் போடப்படுகிறது. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் என்பது நீர் பெரும்பாலும் நீக்கப்பட்ட ஜிப்சம். தண்ணீர் சேர்ந்ததும் அது மீண்டும் ஜிப்சமாகி, நுண்ணிய ஊசிப் படிகங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு இறுகுகின்றன. இறுகும்போது சுருங்காமல் மிகச் சிறிதளவு விரிவதால், கல்லின் ஒவ்வொரு பள்ளத்தையும் நிரப்பி நன்றாகக் கவ்விக்கொள்ளும்.

பால் அட்டைப்பெட்டி போன்ற சதுரப் பெட்டியில் குழைத்த மாவைப் பாதி ஊற்றி, கல்லைப் பதித்து, மேலே மீதியை ஊற்றினால் கோணல் கல் செங்கல்லாக மாறிவிடும். வெட்ட வேண்டிய திசையைக் கல்லின் மேலும் பெட்டியின் மேலும் முன்கூட்டியே கோடிட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். புதைந்த பிறகு எது எந்தப் பக்கம் என்று தெரியாது. சிறு கற்கள் பல இருந்தால் வரிசையாகப் பதித்து ஒரே ஓட்டத்தில் அறுக்கலாம். தொட்டதும் கெட்டியாகிவிட்டது என்று நம்பி உடனே வெட்டக்கூடாது. ஈரம் போகும் வரை சில நாள் காத்திருந்தால் உறுதி கூடும். சுத்தியலால் லேசாகத் தட்டினால் மாவு உடைந்து கல் வெளியே வரும்.

இதன் குறை சேறு. அறுபடும் மாவு எண்ணெயில் கலந்து அடியில் படியும்; எண்ணெயை அடிக்கடி வடிகட்ட வேண்டும். மாவுக்குப் பதிலாகச் சிமெண்டுச் சாந்து பயன்படுத்துவோரும் உண்டு. சிமெண்டு வலுவானதுதான், ஆனால் இறுக நாளாகும், கல்லை விடுவிப்பதும் எளிதல்ல. அதிலுள்ள மணல் பிளேடு விளிம்பின் உலோகத்தை வேகமாகத் தின்னும். மங்கிய பிளேடைத் தீட்ட மணல் கலந்த மென்செங்கல்லை வெட்டுவது இந்தக் காரணத்தால்தான். வேண்டாதபோது அது வீண் தேய்மானம். ஏற்கெனவே வெடிப்புள்ள கல்லாக இருந்தால், மெல்லிய எபாக்சியை வெடிப்புக்குள் இறங்கவிட்டுக் கட்டிய பிறகே எந்தப் பிடிக்கும் கொண்டுபோக வேண்டும்.

கை என்னும் வைஸ்

சிறு ரம்பங்களில் கல்லைக் கையாலேயே பிடித்து மேசையில் தள்ளுவது பரவலான பழக்கம். தட்டையான அடியுள்ள வில்லையை ஓரம் கத்தரிக்க அது ஏற்றதே. பிளேடு கல்லை மேசை நோக்கி அழுத்துவதால், அடி தட்டையாக இருக்கும்வரை கல் நிலையாக நிற்கும். கோணல் கல்லில் அதே அழுத்தம் கல்லைக் கவிழ்க்கும்; தடம் பிளேடைக் கவ்வும்; கல் துள்ளும். வைர பிளேடு விரலை வெட்டாது என்றொரு நம்பிக்கை இத்தொழிலில் உலவுகிறது. அது ஆபத்தான நம்பிக்கை. கல்லை அறுக்கும் விளிம்பு நகத்தையும் எலும்பையும் அறுக்கும். இடைவெளி விட்டுச் செய்த மார்பிள் கட்டர் பிளேடுகள் இன்னும் கொடியவை. சிறு கல்லைக் கையில் பிடித்துக்கொண்டு அவற்றிடம் நீட்டவே கூடாது.

பிடி சரியில்லாதவர்கள் கல்லைப் பார்த்துப் பார்த்து வெட்டுவதற்காகத் தண்ணீரைக் குறைப்பதும் நடக்கிறது. அகேட் முழுக்க முழுக்கச் சிலிக்கா. அதன் உலர்ந்த தூசு நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் என்னும் தீராத நோயைத் தரும். கம்பாத்தின் அகேட் தொழிலாளர்கள் அதற்குக் கொடுத்த விலை பெரிது. கல் உறுதியாக நின்றால் முகத்தை அருகே கொண்டுபோக வேண்டிய தேவையே இல்லை. மூடியை மூடி, ஈரத்தோடு, தள்ளி நின்று வெட்டலாம். நல்ல பிடி தொழிலாளியின் மூச்சையும் காக்கிறது.

நுழைவும் முடிவும்

எந்த வழியில் பிடித்தாலும் கல் சோதிக்கப்படுவது இரண்டு இடங்களில். முதலாவது நுழைவு. பிளேடு சரிவான முகத்தைத் தொட்டால் தடம் விழுவதற்கு முன்பே பக்கவாட்டில் சறுக்கும். முழு வெட்டும் அந்தச் சறுக்கலோடு கோணலாகும். அதனால் கல்லை ஒட்டும்போதே, பிளேடு தொடும் இடம் அதற்குச் செங்குத்தாக வருமாறு திருப்பி வைக்க வேண்டும். முதல் சில மில்லிமீட்டர்கள் மிக மெதுவாகச் செல்ல வேண்டும்.

இரண்டாவது முடிவு. கடைசி இழை அறுபடுமுன் வில்லை தன் எடையால் தொங்கி முறிந்தால், ஓரத்தில் ஒரு முள் மிஞ்சும். சில சமயம் அந்த முறிவு வில்லைக்குள்ளேயே ஓடிவிடும். முடிவில் அழுத்தத்தைக் குறைப்பதும், கல்லின் பின்புறம் ஒரு மரத்துண்டைச் சேர்த்து ஒட்டுவதும் இதைத் தடுக்கும். மாவுக்கட்டில் இந்தத் தொல்லை குறைவு. கடைசி வரை சுற்றிலும் தாங்கல் இருக்கிறது.

எதை, எப்போது

கைப்பிடி அளவில், இரண்டு பக்கமாவது ஓரளவு எதிரெதிரே அமைந்த கல்லுக்கு மரத்தாடையும் ஆப்பும் போதும். அதற்குச் சிறியதானால் ஒட்டுக்கட்டை: எண்ணெய் ரம்பத்தில் வெள்ளைப் பசை, தண்ணீர் ரம்பத்தில் எபாக்சி. எந்தப் பக்கமும் உட்காராத உருண்டைக்கும், கோலி அளவுக் கற்கள் பலவற்றுக்கும் மாவுக்கட்டு. சூடு தாங்காத கல்லுக்கு வெந்நீரும் அரக்கும் விலக்கு. எதுவானாலும் கல் கட்டையிலிருந்து எவ்வளவு குறைவாக நீட்டிக்கொண்டிருக்கிறதோ அவ்வளவு நல்லது. 1 சென்டிமீட்டர் நீட்டலுக்குப் பதில் 5 சென்டிமீட்டர் நீண்டால், அதே விசை ஐந்து மடங்கு திருப்பும்.

ஒரு பிடியைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: நுழையும்போது நிற்குமா, முடியும்போது தாங்குமா, முடிந்தபின் காயமில்லாமல் விடுமா. மூன்றாவது கேள்வியை வெட்டுவதற்கு முன்பே கேட்டவர்தான் சரியான பசையை எடுப்பார். அந்தக் கொட்டைப்பாக்குக் கல் ஒரு நாள் கட்டையில் உலர்ந்து, ஒரு மணி நேரம் ரம்பத்தில் நின்று, ஓர் இரவு வெந்நீரில் ஊறிய பிறகு, நான்கு வில்லைகளாகக் கையில் கிடக்கும். வரிகள் ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தடையின்றித் தொடர்ந்து ஓடும். நடுவே ஒரு முறையேனும் கல் அசைந்திருந்தால் அந்தத் தொடர்ச்சி நமக்குக் கிடைத்திருக்காது.